அமைச்சர் வாயால் உடைந்த எழுத்து

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. அதன் மன்னருக்கு ஒரு நாள் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. எல்லைக் கோட்டைக்கு அனுப்பும் ஓலைகளை வேறு யாரும் படிக்கக் கூடாது!

"துறைமுக வணிகர்களின் மறையெழுத்து இருக்கிறதே, மன்னா" என்றான் அரசவை விகடன் குழகன். "எழுதும் முறை ஊருக்கே தெரியும். ஆனால் திறவுச்சொல் தெரியாதவன் தலைகீழாக நின்றாலும் படிக்க முடியாது. இருநூறு வருடமாகத் திருடர்கள் முட்டிப் பார்த்துவிட்டார்கள்."

அமைச்சர் நீலமேகராயருக்குக் குழகனைக் கண்டாலே ஆகாது. "உப்பு விற்பவன் எழுத்தா மன்னருக்கு? அடியேன் புத்தம் புதிதாக ஓர் எழுத்து செய்திருக்கிறேன். மன்னர், கோட்டைத் தளபதி, நான், மூவருக்குத்தான் தெரிந்திருக்கும்."

"அமைச்சர் மட்டும் சோதித்த பூட்டு, மன்னா" என்று குழகன் வாயை விட்டான்.

அமைச்சர் துள்ளி எழுந்தார். "அப்படியானால் இவனே உடைக்கட்டும். என் எழுத்து உடைந்தது என்று இந்தச் சபையில் நானே என் வாயால் சொல்ல வேண்டும். பத்து நாளில் நடக்காவிட்டால் இவன் நாட்டை விட்டுப் போகட்டும்!"

மன்னர் சம்மதித்து, கோட்டைக்குத் தாம் முன்பு அனுப்பிய ஓலை ஒன்றை அமைச்சரின் எழுத்தில் எழுத வைத்துக் குழகனிடம் கொடுத்தார்.

ஓலை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். ஏழு நாள் உற்றுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி நாச்சி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

எட்டாம் நாள் காலை சபையில் கட்டியக்காரன் முழங்கினான்: "வீராதி வீரர்! சூராதி சூரர்!..." மன்னரின் நாற்பது பட்டங்களும் வரிசையாக வந்தன. குழகன் மடியிலிருந்த ஓலையைப் பார்த்தான். மீன், நண்டு, அரிவாள், மீண்டும் மீன். சற்றுத் தள்ளிச் சங்கு, அதே நண்டு, அதே அரிவாள், மீண்டும் சங்கு.

மன்னரின் ஓலை மன்னரின் பட்டத்தில்தானே தொடங்கும்! மீன் 'வீ', நண்டு 'ரா', அரிவாள் 'தி', சங்கு 'சூ'! அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்பது பட்டமும் முடிவதற்குள் பெரும்பாலான எழுத்துகள் அவன் கைக்கு வந்துவிட்டன.

பத்தாம் நாள் கோட்டையிலிருந்து ஓலைப்பை வந்தது. குழகன் அதில் தன் ஓலை ஒன்றையும் நைசாகச் செருகினான். அமைச்சர் அதை எடுத்ததும் மன்னர் கேட்டார்: "நம் தளபதியின் ஓலைதானா?"

"சந்தேகமே வேண்டாம், மன்னா! என் எழுத்தை வேறு எவனால் எழுத முடியும்?"

சபைக்கே கேட்கும்படி கணீரென்று படித்தார். படம் படமாகக் கூட்டிப் படிப்பவர் ஆதலால், வரப்போவது தெரிவதற்குள் வாய் சொல்லிவிட்டது: "நீலமேகராயனாகிய நான்... இந்தச் சபையில்... என் வாயால் சொல்கிறேன்... என் எழுத்து... உடைந்தது!"

சபை கொல்லென்று சிரித்தது. அமைச்சரின் முகம் வெளிறியது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. "கோட்டைக் கதவைத் திற என்று பகைவன் எழுதியிருந்தால்?"

"தளபதி திறந்திருப்பார், மன்னா" என்றான் குழகன். "அமைச்சர் கெட்டிக்காரர்தான். ஆனால் தான் செய்த பூட்டு தனக்குத் திறக்கவில்லை என்றால், யாருக்குமே திறக்காது என்று நினைத்துவிட்டார்."

அன்றே வணிகர்களின் மறையெழுத்து அரண்மனைக்கு வந்தது. திறவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்ற உத்தரவாயிற்று.

"இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கிறாயே, நீயே ஓர் எழுத்து செய்யலாமே?" என்றார் மன்னர்.

"செய்தேன், மன்னா. பக்கத்துத் தெருவில் அதிரசம் வாங்கித் தின்றதை அதில் எழுதி வைத்தேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் நாச்சி படித்துவிட்டாள்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது நாச்சிக்கு" என்று சொல்லிக் குழகன் கையில் கொடுத்தார்.