கிளி மறைத்த பழம்

கிளி தன் மனத்தில் உள்ளதைத் தானே பேசிய அந்தக் காலத்தில், துறைமுகத்துக்கு அதுவே துபாஷி. பாய்மரங்களில் அமர்ந்து மாலுமிகளின் பேச்சைப் பழகியிருந்ததால், அயலார் சொல்வதைத் தமிழிலும் தமிழர் சொல்வதை அவர்கள் மொழியிலும் அது பெயர்த்துச் சொல்லும்.

ஒரு கோடையில், ஈறு வீங்கிக் குருதி கசியும் மாலுமிகளோடு ஒரு கப்பல் வந்து நின்றது. அதன் தலைவன் கரையோர மாந்தோப்புக்கு வந்து, தன் ஆட்கள் பிழைக்க ஏதேனும் கனி வேண்டும் என்றான். கிளி அதைத் தோப்புக்காரி உலகம்மையிடம் சொன்னது.

"அட பாவமே! வைக்கோல்ல பழுக்க வச்சிருக்கேன். அம்புட்டையும் எடுத்துக்கிடச் சொல்லு."

கிளி திடுக்கிட்டது. வைக்கோலில் மிஞ்சும் பழமே அதன் கூலி.

"ஆத்தா, இவங்க ஊர்ல பழுத்தா அழுகிப்போச்சும்பாங்களாம். காய்தான் வேணுமாம்."

"இப்படியும் ஒரு சனமா! சரி, மரத்துல பறிச்சுக்கிடட்டும்."

கிளி தலைவனிடம் திரும்பி, "இங்கே விளைவது இதுதான். பெயர் மாங்காய்" என்றது. ஒன்றைக் கடித்த தலைவனின் முகம் கோணிற்று. எனினும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனான். கிளி வைக்கோலுக்குள் புகுந்தது.

முற்றிய காய் கப்பலிலும் பழுக்கும் என்பதை அது எண்ணவில்லை.

மறு கோடையில் அதே தலைவன் வந்தான். உலகம்மையின் கூடையிலிருந்த பழமொன்றை எடுத்து முகர்ந்து, "மாங்கா! மாங்கா!" என்று கூவினான்.

"பழத்தைப் பிடிச்சுக்கிட்டுக் காய்ங்கிறாரே! ஏ கிளியே, பழுத்ததைத் தொடமாட்டார்னு சொன்னது எந்த வாய்?"

"அது... போன வருஷம் அவருக்குப் பசி இல்ல, ஆத்தா."

"இது பழம்னு இப்பவாவது சொல்லித் தொலை."

கிளி சொன்னது. தலைவன் சிரித்தான். "எங்கள் ஊர்க் குழந்தைகளும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுகின்றன. இனி யார் மாற்றுவது?"

உலகம்மை சிரிக்கவில்லை. "இனிமே நான் சொன்னதை முதல்ல எங்கிட்டயே அப்படியே திருப்பிச் சொல்லு. பிறகு அவருகிட்டப் பேசு."

செய்தி பரவியது. துறைமுகமே அவ்வாறு கேட்கத் தொடங்கியது. பிறர் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லியே கிளிக்குத் தன் சொல் மறந்துபோயிற்று.

கப்பலேறிய பெயரோ பல வாய்கள் மாறி ஆங்கிலத்தை அடைந்தது. சாறு வழியும் பழத்தையும் ஆங்கிலம் காயின் பெயரால் 'மேங்கோ' என்று அழைப்பதும், கிளி கேட்டதை மட்டுமே சொல்வதும் அன்று தொட்டுத்தான்.