சிங்கப்பல் ராஜாவும் பொருள்விளங்கா உருண்டையும்

எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க, இது வாயைப் பத்தின கதை! ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால கொன்றைநாட்டைக் கடம்பவராயர்னு ஒரு ராஜா ஆண்டாரு. வீரம்னா அவருக்குத் தன்னோட ரெண்டு சிங்கப்பல்லுதான். உதட்டைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடி பாப்பாரு. நாட்டுல வேற வேலையே இல்ல பாருங்க!

ஒரு நாள் மந்திரி நன்னயர் குழைஞ்சாரு. "பிரபு, முன்பல்லு வெட்டும். சிங்கப்பல்லு கிழிக்கும். இந்தக் கடைவாய்ப்பல்லு மட்டும் பின்னாடி பதுங்கிக் கெடக்கு. அரைக்கிறதெல்லாம் மாடு பண்ற வேலை. உங்களுக்கு எதுக்கு?"

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "கோழைப் பயலுங்க! அத்தனையும் புடுங்குங்கடா!"

சிங்கத்துக்கும் கடைவாய்ல பல்லு உண்டு. ஆனா உள்ள எட்டிப் பாத்தவன் திரும்பி வந்து சொன்னாத்தானே? வைத்தியர் புடுங்கினாரு, ராஜா அலறினாரு, மந்திரி கை தட்டினாரு.

ராஜாவோட செல்ல மக இளவெயினி. அவளுக்குப் பக்கத்து நாட்டு இளவரசன் மாறவேள் மேல உசுரு. நிச்சயதார்த்தமும் வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல ஒரு வழக்கம். அவங்க கொண்டு வர்ற பொருள்விளங்கா உருண்டையைப் பொண்ணோட அப்பா சபையில தின்னு முடிக்கணும். மிச்சம் வெச்சா கல்யாணம் கெடையாது. உருண்டையா அது? வெல்லப்பாகுல புடிச்ச கருங்கல்லு!

ராஜா முன்பல்லால கடிச்சாரு. கீறல் விழுந்துச்சு, பல்லுல. சிங்கப்பல்லால குத்தினாரு. ஓட்டை விழுந்துச்சு, பல்லு உள்ள மாட்டிக்கிச்சு. இழுத்து எடுத்து, ஒரு துண்டை ஒடைச்சுக் கடைவாய்க்குத் தள்ளினாரு. அங்க யாரு இருக்கா? ஈறுதான் இருக்கு!

துண்டு வாய்க்குள்ள பல்லாங்குழி ஆடுச்சு. ராஜா மந்திரியப் பாத்தாரு. மந்திரி தூணைப் பாத்தாரு.

"என்ன சம்பந்தி, சிங்கத்துக்குப் பசியே இல்லியா?"ன்னு சம்பந்தியம்மா எழுந்திரிச்சாங்க. வண்டியைப் பூட்டச் சொல்லியாச்சு.

மக மொகத்தைப் பாத்தாரு ராஜா. அவளே கிட்ட வந்து கிசுகிசுத்தா: "அப்பா, நான் மென்னு தரேன். நீங்க முழுங்கிடுங்க."

"சபை பாக்குதேம்மா!"

"பாக்கட்டும். வண்டி கெளம்பிடும்ப்பா!"

ராஜாவுக்கு மானமா, மகளா? அவ கடைவாய்ல போட்டு நறநறன்னு அரைச்சா. கொழந்தைக்கு அம்மா ஊட்டுற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா ஊட்டினா. அத்தனை பேரும் பாக்க, கொன்றைநாட்டுச் சிங்கம் மீசையோட 'ஆ' காட்டுச்சு!

கடைசித் துணுக்கும் உள்ள போச்சு. சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டுத் தட்டை மாத்தினாங்க.

நீதி என்னன்னா: பின்னாடி நின்னு சத்தமில்லாம உழைக்கிறவங்களைத் துரத்திட்டா, முன்னாடி நின்னு மினுக்குறவங்களால ஒரு வாய்கூட உள்ள எறங்காது.