பவளாயி சொல்லாமல் விட்ட சொல்

கடலில் வாழ்பவையும் கரையில் வாழ்பவர்களும் ஒரே மொழியைப் பேசிய அந்தக் காலத்தில், புன்னைக்கரை என்னும் ஊரில் பங்குனி முழுநிலவன்று வழிப்போக்கர்களுக்கென்றே ஒரு திருவிழா நடந்துவந்தது. அன்று ஊரார் பந்தியில் அமர மாட்டார்கள், பரிமாறுவார்கள். எல்லாரிலும் நெடுந்தூரம் வந்தவர் எவரோ, அவருக்கே முதல் இலை.

விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கும் பொறுப்பு பவளாயியுடையது. அவளுக்கு எதுவும் நேர்த்தியாக இருக்க வேண்டும். அடுக்கிய பானைகளில் ஒன்று சாய்ந்திருந்தாலும் சோறு இறங்காது. ஆண்டு முழுவதும் அவள் வழிபார்த்திருந்தது ஓர் ஆமைக்காகத்தான். கீழ்க்கடல் நாடுகளைச் சுற்றிவிட்டு வரும் அந்த ஆமை, ஒரு நாட்டில் புத்தாண்டன்று ஒருவர்மீது ஒருவர் நீரூற்றி வாழ்த்துவதையும், வேறொரு நாட்டில் ஆற்றில் விளக்குகளை மிதக்கவிடுவதையும், அதற்கும் அப்பால் பெருங்கடல் தீவுகளில் மரத்தைக் குடைந்த முரசின் ஒலிக்கு ஊரே ஆடுவதையும் அவளுக்குச் சொல்லும். புன்னைக்கரையைத் தாண்டியறியாத பவளாயிக்கு அந்தப் பேச்சே பயணம்.

ஓர் ஆண்டு, வடக்கிலிருந்து பூநாரைகள் முதன்முறையாகத் திருவிழாவுக்கு வந்தன. புது விருந்தாளிகள் மெச்ச வேண்டும் என்று பவளாயி விடிந்ததிலிருந்து முதுகு நிமிராமல், அலை எட்டாத மேட்டு மணலை நனைத்துத் தட்டிப் பெரிய கோலம் ஒன்றை இட்டிருந்தாள். பொழுது சாய்ந்தது. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. முதல் இலைக்குரிய ஆமையைக் காணோம்.

“உங்கள் ஆமையக்கா போன ஆண்டுத் திருவிழாவுக்குப் புறப்பட்டிருப்பாள். இன்னும் வந்துகொண்டிருக்கிறாள் போலும்,” என்றது ஒரு பூநாரை. மற்றவை கழுத்தை வளைத்துச் சிரித்தன. பவளாயியும் சிரித்து வைத்தாள்.

நிலவு எழும் வேளையில் ஆமை கரையேறியது. வழக்கத்துக்கு மாறாக, அன்று அவளை அழைக்கவில்லை. மூச்சு வாங்க நேரே மேட்டுக்கு ஊர்ந்துபோய், கோலத்தின் நடுவே மணலை வாரி வாரி இறைத்தது. புள்ளிகள் புதைந்தன; இழைகள் கலைந்தன.

“என்ன செய்கிறாய், அக்கா? இது கோலம் என்று தெரியவில்லையா?”

“தெரிகிறது, தங்கச்சி. கொஞ்சம் பொறு. இப்போது என்னால் பேச முடியவில்லை.”

“எங்கள் ஊரில் கோலத்தைப் போடத்தான் ஆள் வைப்பார்கள்,” என்றது அந்தப் பூநாரை. “இங்கே அழிப்பதற்கும் வைத்திருக்கிறீர்களே.”

பவளாயி திரும்பிப் பார்க்காமல் பந்திக்குப் போனாள். முதல் இலையைப் பூநாரைக்கே போட்டாள். அவள் பரிமாறிக்கொண்டிருக்கையில், முதுகெல்லாம் மணலோடு ஆமை அருகே வந்து நின்றது.

“தங்கச்சி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.”

“போ,” என்றாள் பவளாயி, குனிந்த தலை நிமிராமல்.

“போ என்றா சொன்னாய்?”

“ஆமாம். போ.”

“அதற்குப் பின்னால் வேறு சொல் இல்லையா?”

மனிதர்கள் சினத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாள் வேறொன்றைச் சொல்வார்கள் என்பது கடலில் வாழ்பவற்றுக்குத் தெரியாது. சொன்ன சொல்லே அவற்றுக்குப் பொருள். ‘போய், நாளைக்கு வா’ என்று சொல்ல அவளுக்கு நா எழுந்தது. ஆனால் பூநாரைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

“இல்லை,” என்றாள்.

ஆமை, அந்நாளில் தனக்கிருந்த இரு காதுகளையும் கழற்றி அவள் காலடியில் வைத்தது. “வா என்று அழைக்க ஆளில்லாதவளுக்குக் காது எதற்கு?” என்றது. பிறகு கடலுக்குள் இறங்கிவிட்டது.

வாரங்கள் சில சென்றபின், கோலம் இருந்த இடத்தில் மணல் அசைந்தது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து, எவரையும் ஏறிட்டுப் பாராமல் கடலை நோக்கி ஓடின. ‘கொஞ்சம் பொறு’ என்றதன் பொருள் அப்போதுதான் பவளாயிக்கு விளங்கியது. எத்தனையோ கரைகளைக் கண்டுவந்த ஆமை, தன் பிள்ளைகளை நம்பி விட்டுச்செல்ல அவளுடைய கரையைத்தான் தேர்ந்திருக்கிறது. இடுப்பளவு நீரில் இறங்கி, “வா, அக்கா, வா,” என்று குரல் கம்மும்வரை கூப்பிட்டாள்.

மறு பங்குனியில் அவள் மேட்டில் கோலம் இடவில்லை. முதல் இலையையும் எவருக்கும் போடவில்லை. நிலவு எழுகையில் ஆமை வந்தது. அதே இடத்தில் குழி தோண்டி முட்டையிட்டது. பவளாயி பக்கத்தில் அமர்ந்து, ஓர் ஆண்டாகச் சேர்த்துவைத்த சொற்களையெல்லாம் சொன்னாள். ஆமையின் கண்களிலிருந்து நீர் வழிந்தது, தலை திரும்பவில்லை. குழியை மூடிவிட்டு அது கடலை நோக்கி நகர்ந்தது.

பவளாயி அலை விளிம்புவரை உடன் நடந்தாள். “போய் வா, அக்கா,” என்றாள்.

அன்று முதல்தான், புறப்படுபவரிடம் நாம் வெறுமனே ‘போ’ என்று சொல்லாமல் ‘போய் வா’ என்கிறோம். புறப்படுபவரும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லியே படியிறங்குகிறார். பங்குனி ஆமை மட்டும் இன்றும் கரையேறி, கண்ணீர் வழிய முட்டையிட்டு, அந்தச் சொல்லைக் கேளாமலே திரும்பிப் போகிறது.