முப்பத்திரண்டு வாசலுக்கு ஒரு விரல்

வெண்குன்றத்து மன்னர் கோமேதகவர்மனுக்குக் கோணல் என்றாலே ஆகாது. பந்தியில் இலை கொஞ்சம் திரும்பியிருந்தால் போதும், பாயசம் வரும்வரைகூடக் காத்திருக்காமல் எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு புது மாளிகை கட்டினால் தச்சர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

மாளிகைக்கு முப்பத்திரண்டு வாசல். நிலைகளையெல்லாம் நிறுத்தியாயிற்று. ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவே சந்து சந்தாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒவ்வொரு நிலையைச் சுற்றியும் பூங்கொடி செதுக்கிய ஓரப்பலகை அடிக்க வேண்டும். வேலை வீரணன் ஆசாரியிடம் வந்தது.

மன்னர் நேரில் வந்து சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பலகை நிலையை முழுதாக மூடக் கூடாது. நிலையின் விளிம்பு இந்த விரல் அகலத்துக்குச் சுற்றிலும் தெரிய வேண்டும். ஒரு வாசலில் ஒரு நூல் பிசகினாலும், ஆசாரி, நீ இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

பக்கத்தில் நின்ற மாளிகை அதிகாரி கண்டராயருக்கு உள்ளூரக் குஷி. அந்த வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தரத்தான் அவர் ஆறு மாதமாக நடையாய் நடந்தார். மறுநாளே ஓர் ஓலையில் மன்னரின் கையெழுத்தை வாங்கிவிட்டார். 'நாட்டிலுள்ள அளவுகோல்களுக்கெல்லாம் காய்ச்சிய இரும்பால் அரச முத்திரை குத்தப்படும். அதுவரை கோல்கள் அரண்மனையில் இருக்கும். அளவு காட்டும் பொருள் எதையும் முத்திரையில்லாமல் பயன்படுத்துவோர் நாடு கடத்தப்படுவர்.'

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முத்திரை குத்தும் நாளைக் கல்யாணத்துக்கு முந்தின நாளாகப் பார்த்துக் குறித்திருந்தார் கண்டராயர்.

வீரணன் நேராக அவைப்புலவர் சேந்தன் வீட்டுக்கு ஓடினார். சேந்தன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, என் முழக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்டாட்டி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்!"

"உட்காரும் ஆசாரி. கோல் இல்லாமல் வேலையே நடக்காதா?"

"நீளத்துக்குக் கோல் வேண்டாம் ஐயா. பலகையை நிலையிலேயே சார்த்திக் கோடு போட்டுவிடுவேன். அந்த விரல் அகலம்தான் சிக்கல். கண்மதிப்பில் ஒரு வாசலுக்கு அடிக்கலாம். முப்பத்திரண்டுக்கு முடியுமா?"

"அந்த அகலத்தை ஏதாவது மரத்துண்டில் பிடித்து வைத்துக்கொண்டால்?"

வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாண் நீளத் தேக்குத் துண்டு ஒன்று போதும் ஐயா! ஓரத்தில் படி மாதிரி வெட்டிவிட்டால் கீழ்ப்பாகம் நிலையின் உள்விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேல்பாகம் விரல் அகலத்துக்கு நிலையின்மேல் உட்காரும். அதில் இடிக்கிறவரை பலகையைத் தள்ளி ஆணி அடிக்க வேண்டியதுதான். ஆனால்..." அவர் குரல் இறங்கியது. "அதற்கு மன்னர் விரல் வேண்டுமே. போய்க் கேட்டால் தலை இருக்குமா?"

"துண்டை எடுத்துக்கொண்டு வாரும். கேட்கிற தலை என்னுடையது" என்று சேந்தன் கை கழுவ எழுந்தார்.

அவையில் சேந்தன் சொன்னார்: "அரசே, தங்கள் சுண்டுவிரல் இரவல் வேண்டும்."

"என்ன உளறுகிறாய், சேந்தா?"

"அளவு தங்கள் விரல். நாட்டிலோ கோல் கிடையாது. ஒவ்வொரு வாசலுக்கும் தாங்களே வந்து மூன்று பக்கமும் விரலை வைத்துக் காட்டலாம். ஏணி தயாராக இருக்கிறது. சுத்தியல் விரலில் படாமல் ஆசாரி பார்த்து அடிப்பார். அல்லது, இந்த மரத்துண்டின்மேல் ஒரே ஒரு தடவை விரலை வைத்தால் போதும்."

மன்னர் ஏணியை நினைத்தார். சுத்தியலை நினைத்தார். சட்டென்று விரலை மரத்தின்மேல் வைத்தார். வீரணன் இருபுறமும் கூர்நுனியால் கீறிக்கொண்டார்.

அப்புறம் வேலை பறந்தது. கட்டையை மாட்டு, பலகையைத் தள்ளு, ஆணி அடி. ஆறே நாளில் முப்பத்திரண்டு வாசலும் முடிந்தன. மூலைகளில் கொடியும் கொடியும் வெட்டே தெரியாமல் சேர்ந்துகொண்டன.

முத்திரை நாள் வந்தது. முற்றத்தில் கரி கனன்றது. இரும்பு முத்திரை செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. மன்னர் வாசல் வாசலாகப் போய் விரல் வைத்துப் பார்த்தார். எங்கும் ஒரு நூல் பிசகில்லை. அவர் முகம் மலர்ந்த நேரத்தில் கண்டராயர் அந்தத் தேக்குத் துண்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அரசே, மோசடி! இது அளவு காட்டும் பொருள். இதில் முத்திரை எங்கே? சட்டப்படி ஆசாரியை நாடு கடத்த வேண்டும்!"

மன்னர் முகம் சுருங்கியது. கையெழுத்து அவருடையதாயிற்றே!

"சேந்தா, என்ன சொல்கிறாய்?"

"கண்டராயர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அரசே" என்றார் சேந்தன்.

வீரணன் தூணைப் பிடித்துக்கொண்டார். கண்டராயருக்கே ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை.

"சட்டம் என்றால் சட்டம்தான். முத்திரை குத்தியே ஆக வேண்டும்" என்ற சேந்தன், கண்டராயர் பக்கம் திரும்பி மிகவும் பணிவாகக் கேட்டார்: "ஆனால் ஐயா, இந்த மரத்துண்டு வெறும் நகல். அளவு காட்டிய அசல் பொருள் அதோ மன்னர் கையில் இருக்கிறது. அதிலும் முத்திரை இல்லை. இரும்பு நன்றாகப் பழுத்திருக்கிறது. அசலுக்குத் தாங்களே குத்துகிறீர்களா, ஆளை அனுப்புகிறீர்களா?"

கண்டராயர் கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. மன்னர் அவசரமாகக் கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"வீரணனுக்குப் பட்டும் பதக்கமும் கொடுங்கள்! சேந்தா, நாளைப் பந்தியில் நீ என் பக்கத்தில் உட்கார். கண்டராயரே, நீர் வாங்கி வைத்த கோல்களைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வாரும். கட்டு கோணாமல் பார்த்துக்கொள்ளும்!"