ராயர் போய் வந்த மாநாடு

வருடத்தில் ஏழு நாளாவது பயிற்சி பெறாத அதிகாரிக்குப் பதவி கிடையாது. மன்னர் குலதீபர் இப்படி ஓர் ஆணை போட்டதும் அதிகாரிகள் எல்லாரும் ஆடிப்போனார்கள். ஏரி இலாகாத் தலைவர் சபேசராயர் மட்டும் அசையவில்லை. அருவி கொட்டும் மலையூரில் ஏரிகளைப் பற்றி ஏழு நாள் மாநாடு நடந்தது. போனார். அருவியில் குளித்தார், விருந்து சாப்பிட்டார், வந்ததற்கு முத்திரை ஓலை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"ஏழு நாளும் சபையில் உட்கார்ந்திருந்தேன் பிரபு. இதையே பயிற்சியாக எண்ணவேண்டும்."

மன்னர் தாண்டவனைப் பார்த்தார். பயிற்சி ஓலைகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. ராயர் அவன் காதருகே குனிந்தார்.

"முடியாதென்று சொல்லிப்பார். எல்லைக் கோட்டைக்கு மாற்றிவிடுகிறேன்."

அந்தக் கோட்டையில் தேளைத் தவிரப் பேச்சுத் துணை இல்லை. தாண்டவன் நிமிர்ந்தபோது ராயரின் வீங்கிய கன்னம் கண்ணில் பட்டது.

"கன்னத்தில் என்ன ஐயா?"

"கடைவாய்ப் பல். மூன்று நாளாய் உயிர் போகிறது."

"அடடா! யாரங்கே? பல்லக்குத் தூக்கும் மாசிலனைக் குறடோடு வரச்சொல்லுங்கள்."

மாசிலன் வந்தான். உலக்கை மாதிரிக் கை. அதில் லாடம் பிடுங்கும் குறடு.

"பல்லக்குத் தூக்கிக்கு என் வாயில் என்ன வேலை?" என்று ராயர் அலறினார்.

"போன மாதம் அரண்மனை வைத்தியரைத் தூக்கிக்கொண்டு பல் வைத்தியர் மாநாட்டுக்குப் போனவன் ஐயா. ஏழு நாளும் முன்வரிசை. முத்திரை ஓலைகூட இருக்கிறது. வாயைத் திறவுங்கள்" என்றான் தாண்டவன்.

"கேட்டுக்கொண்டு உட்கார்ந்தவனெல்லாம் வேலை கற்றவன் ஆகிவிடுவானா?"

தாண்டவன் மன்னரை வணங்கினான். "பிரபு, தீர்ப்பை ராயரே சொல்லிவிட்டார்."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்படியானால் மாநாடு எப்போதுமே பயிற்சி ஆகாதா?"

"ஆகும் பிரபு. தன் வேலைக்கு வேண்டியதைக் கேட்டு வந்து, முன்பு தெரியாத ஒன்றைச் செய்து காட்டினால் ஆகும்."

"ராயரே, எதைச் செய்து காட்டுகிறீர்?"

ராயர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"அப்படியென்றால் ஏழு நாளும் வீண்தானா?"

"யார் சொன்னது?" என்றான் தாண்டவன். "மூன்று வருடமாய் உங்கள் மேசையில் கிடந்த மனுக்களை, நீங்கள் ஊரில் இல்லாத அந்த ஏழு நாளில்தான் உங்கள் ஆட்கள் தீர்த்து முடித்தார்கள். மாநாட்டை மாதாமாதம் வைக்கச் சொல்லுங்கள் ஐயா, நாடு பிழைத்துப்போகும்!"

மன்னர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். பதவி இழந்து, மன்னர் கட்டளைப்படி எல்லைக் கோட்டைக்கு ராயர் கிளம்பினார்.