வெள்ளிமணி விற்ற பெருச்சாளி

தாமரைக்குளத்து வாத்துகளுக்குப் பல் கிடையாது. எந்தக் குளத்து வாத்துக்குத்தான் இருக்கிறது! அதனால் சின்னச் சின்னக் கற்களை விழுங்கி வைத்துக்கொள்ளும். தின்ற நெல்லை வயிற்றுக்குள் அரைத்துக் கொடுப்பவை அந்தக் கற்கள்தான்.

குஞ்சு பொரித்த பன்னிரண்டாம் நாள் கல்லூட்டு. அன்று வாழ்த்துப் பாட்டு முடிந்ததும், தாய் தேடிக் கொடுக்கும் முதல் கல்லைக் குஞ்சு விழுங்க வேண்டும். குளமே கூடி வந்து, "என்ன கல்லு? எங்கே பொறுக்கினது?" என்று விசாரிக்கும்.

மெல்லி என்ற இளம் வாத்துக்கு முதல் அடையில் மூன்று குஞ்சுகள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். கல் பெரிசாக இருந்தால் தொண்டையில் சிக்குமே! கூராக இருந்தால் குடலைக் கிழிக்குமே! பொறுக்குவாள், பார்ப்பாள், போட்டுவிடுவாள். மறுபடி பொறுக்குவாள்.

"என்னடி மெல்லி, கரையையே காலி பண்ணிடுவ போல!" என்று சிரித்தாள் பக்கத்து நாணல் புதர்ப் பவளம். "பெருச்சாளி அண்ணாச்சிகிட்ட வெள்ளிமணி வாங்கு. எங்க வீட்டுக்காரர் அதைத்தான் முழுங்கினார்!"

கரையில் மீனவர்கள் தூக்கிப்போட்ட கிழிந்த வலை ஒன்று கிடந்தது. அது மூழ்குவதற்காகக் கோத்த ஈயமணிகளைத்தான் பெருச்சாளி ஒவ்வொன்றாகக் கழற்றி 'வெள்ளிமணி' என்று விற்றுக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, வாங்க! அலகுல தூக்கிப் பாருங்க, என்ன கனம்! பாருங்க, என்ன வழவழப்பு! பிள்ளைக்குத் தொண்டையில வெண்ணெய் மாதிரி இறங்கும். மணிக்குப் பத்தே பத்து நத்தை!"

"அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாதே?"

"வெள்ளிம்மா இது! வெள்ளி யாரையாவது கடிச்சிருக்கா?"

மெல்லி இரண்டு நாள் பட்டினி கிடந்து முப்பது நத்தை சேர்த்துக் கொடுத்தாள். மூன்று மணி வாங்கினாள்.

கல்லூட்டு நாள் வந்தது. தவளைகள் வாழ்த்துப் பாடத் தொடங்கின. கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. பெருச்சாளி முன்வரிசையில் உட்கார்ந்து மீசையை நீவியது. பவளத்தின் வீட்டுக்காரர் மட்டும் ஓரமாகக் கழுத்தைத் தொங்கப் போட்டபடி கிடந்தார்.

தவளைகளின் பாட்டு முடிவதாகக் காணோம். மூத்த குஞ்சுக்குச் சலித்துவிட்டது. தன் மணியைப் பாறையில் இழுத்து விளையாடியது.

"அம்மா, இங்க பாரேன்! கோடு!"

மெல்லி பார்த்தாள். பாறையில் சாம்பல் நிறக் கோடு. மணியின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மணியைப் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

'பாறையில் இப்படித் தேய்கிறதே, வயிற்றுக்குள் எப்படித் தேயும்? தேய்ந்தது எங்கே போகும்?'

"பவளக்கா, உங்க வீட்டுக்காரர் எப்போ முழுங்கினார்?"

"போன அமாவாசைக்கு."

"கழுத்து எப்போ தொங்கிச்சு?"

"அஞ்சாறு நாள் கழிச்சு. எச்சம் பச்சையாப் போகுது. பறக்க முடியலைங்கிறார். சோம்பேறித்தனம்! வேறென்ன?"

"வயசாயிடுச்சும்மா அவருக்கு!" என்று பெருச்சாளி குறுக்கே விழுந்தது. "பாட்டு முடியப்போகுது, ஊட்டுங்க, ஊட்டுங்க!"

மெல்லி அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தேன் ஒழுகச் சிரித்தாள்.

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நாங்க முந்தலாமா? முதல் மணி உங்களுக்குத்தான் அண்ணாச்சி. முழுங்குங்க!"

"ஆகா, அண்ணாச்சிக்கே முதல் மணி!" என்று தவளைகள் பாட்டுக்கு நடுவே கத்தின.

"இல்லம்மா... இன்னைக்கு எனக்கு விரதம்."

"காலையில என் முட்டைக் கூட்டுப் பக்கம் என்ன மென்னுகிட்டிருந்தீங்க?" என்று கேட்டது கொக்கு.

"பல்லு வலி!"

"மெல்ல வேண்டாம், முழுங்கினாப் போதும். வெண்ணெய் மாதிரி இறங்குமே!" மெல்லி மணியை அதன் மூக்கருகே நீட்டினாள்.

"எடு! அதை அந்தப் பக்கம் எடு!" பெருச்சாளி துள்ளிக் குதித்தது. "என் தம்பி இதைக் கடிச்சுத்தான் செத்தே போனான்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டது. தவளைகளின் பாட்டு நின்றது.

அப்போது ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

"அம்மா, நான் முழுங்கிட்டேன்."

கடைக்குட்டி! பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அது தன் மணியை விழுங்கியிருந்தது.

மெல்லி பாய்ந்தாள். "கொக்கண்ணா, தலைகீழாத் தூக்கு!"

கொக்கு குஞ்சின் கால்களைக் கவ்வி உயரத் தூக்கியது. மெல்லி அதன் கழுத்தைக் கீழ்நோக்கி நீவினாள். ஒருமுறை. இருமுறை. வரவில்லை. அழுதுகொண்டே மறுபடி நீவினாள்.

'டொக்!'

மணி பாறையில் விழுந்தது. "கொக்கண்ணா, இன்னொரு தடவை!" என்று சிரித்தது குஞ்சு.

பெருச்சாளி நழுவப் பார்த்தது. வாத்துகள் சூழ்ந்துகொண்டன.

"மணியெல்லாம் சேத்துல புதைச்சிடலாமா?" என்று பவளம் கேட்டாள்.

"வேண்டாம்!" என்றது கிழத்தவளை. "சேறுதான் என் வீடு. இலை மக்கும், எலும்பு மக்கும். இது மட்டும் போட்டபடியே கிடக்கு. இன்னைக்குப் புதைச்சா நாளைக்கு வேற யாரோ ஒருத்தர் வயித்துக்குப் போகும்."

ஆகவே மணிகளையெல்லாம் தண்ணீர் எட்டாத மேட்டுப்பாறை இடுக்கில் கொண்டுபோய் அடைக்கப் பெருச்சாளிக்குத் தீர்ப்பானது. வாயால் கவ்வ அதற்குப் பயம். பின்பக்கமாக நடந்து, வாலால் தள்ளித் தள்ளி ஏற்றியது. பாதி தூரத்தில் மணி உருண்டு கீழே வரும். குஞ்சுகள் சிறகடித்துச் சிரிக்கும்.

பவளத்தின் வீட்டுக்காரர் மட்டும் அதன் பிறகு பறக்கவே இல்லை. "சோம்பேறின்னு திட்டினேனே!" என்று பவளம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மெல்லி இப்போதும் ஒவ்வொரு கல்லையும் பாறையில் உரசிப் பார்த்துத்தான் கொடுக்கிறாள்.

"பயந்தாங்கொள்ளி!" என்று இளவட்ட வாத்துகள் கேலி செய்கின்றன.

"ஆமா, பயந்தாங்கொள்ளிதான். என் மூணு குஞ்சையும் எண்ணிப் பாரு!" என்கிறாள்.

பளபளப்பையும் விற்பவன் பேச்சையும் நம்பிப் பிள்ளையின் வாய்க்குள் எதையும் போகவிடாதீர்கள். அது தேய்ந்தால் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.