பத்தடிக் கார் ஷெட்டும் நாச்சிமுத்துவும்

உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்துவுக்கு வீட்டோடு ஒரு கார் ஷெட் போட்டுக்கொடுத்தவர் வெல்டர் அருளானந்தம். வேலைதான் அவருடையது. அளவு நாச்சிமுத்துவுடையது.

"அகலம் பத்தடி. ரெண்டு பக்கமும் ரெண்டடிக்கு ரேக்கு அடிச்சிரு. ஊறுகாய் ஜாடியில இருந்து ஏணி வரைக்கும் அத்தனையும் அதுல போயிரணும்."

"மிச்சம் ஆறடிதானுங்க வருது. கார்க் கதவு தொறக்கணுமுங்களே?"

"எனக்கே பிளான் சொல்றியா நீ?"

அருளானந்தம் டேப்பை எடுத்துப் பத்தடிக்கே கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, புது வண்டியை நாச்சிமுத்து உள்ளே விட்டார். உறைக்குள் கத்தி போனது மாதிரி கச்சிதமாகப் போய் நின்றது. கதவைத் திறந்தார். டங்! ரேக்கில் இடித்தது. அந்தப் பக்கக் கதவைத் தள்ளினார். அதுவும் டங்!

வெளியே தெருக்காரர்கள் நாலைந்து பேர். முன்னால் நின்றவர் நில அளவைத் துறையில் ஓய்வுபெற்ற திருமூர்த்தி. "இது நல்லா வந்தா எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்று சொல்லியிருந்தவர். ஆடி மாதம் முழுக்கப் பட்டறை சும்மா கிடந்ததால் அருளானந்தம் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தார். இப்போது வண்டியைப் பின்னால் எடுத்தால் நாச்சிமுத்து சும்மா இறங்க மாட்டார். பழியை இவர் தலையில்தான் இறக்குவார்.

"என்னண்ணா, எறங்கலீங்களா?" என்றார் திருமூர்த்தி.

கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார் நாச்சிமுத்து. "வேணும்னுதான் சார் சின்னதாக் கட்டுனேன். பெருசாக் கட்டி நான் பட்ட பாடு உங்களுக்கு என்ன தெரியும்? முந்தி தாராபுரத்துல ஒரு ஷெட்டு போட்டிருந்தேன். காலையில வண்டியை உள்ள விட்டா, பின்சுவத்தைப் பாக்கறதுக்கு மத்தியானம் ஆயிரும். வழியில பசிக்குதேன்னு நடுவுல ஒரு பேக்கரிக்கு எடம் விட்டேன்."

வாசலில் அவர் மனைவி பூவாத்தாள் கரண்டியோடு நின்றார். "ஏனுங்க, தாராபுரத்துல நாம வாடகை வீட்டுலதான இருந்தோம்? சைக்கிள் நிறுத்தவே எடமில்லாம கட்டில் மேல சாத்தி வெச்சோமே?"

"அது வீடு புள்ள. நான் சொல்றது ஷெட்டு!"

யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்து விடவில்லை. "தரை இருக்குது பாருங்க, அப்பிடியொரு வழுவழுப்பு. ஆடியில பிரேக்கை அமுத்துனா ஐப்பசியிலதான் வண்டி நிக்கும்."

"அதுவரைக்கும் சோத்துக்கு?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"போற போக்குல ரேக்குல இருந்து எடுத்துக்க வேண்டியதுதான்! ரேக்குன்னா இந்த மாதிரி இல்லீங்க. ஒருக்கா மேல்தட்டுல மொளகா காயப்போட்டேன், மேகம் வந்து நனைச்சுட்டுப் போயிருச்சு. ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்தாரச் சொல்லி ஆளை ஏணியில ஏத்திவிட்டேன். ஏறும்போது மீசை கருகருன்னு இருந்துச்சு. எறங்கி வரும்போது பஞ்சா வெளுத்துப்போச்சு. வந்தவன், 'எதுக்குங்க என்னை அனுப்புனீங்க?'ன்னு என்னையே கேக்கறான்!"

"அந்த ஆளு இப்ப எங்க?"

"ஸ்குரூ டிரைவர் எடுக்க மறுபடி ஏறிட்டிருக்கான். அதை விடுங்க. ஒரு நாள் மறந்தாப்புல ஷட்டரைத் தொறந்து வெச்சுட்டேன். மேக்க இருந்து வந்த மழை அப்பிடியே உள்ள பூந்துருச்சு. வெளிய வர வழி தெரியல. அந்த வருசம் ஜில்லா முழுக்க வறட்சி. என்ற ஷெட்டுக்குள்ள மட்டும் ரெண்டு போகம் நெல்லு!"

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "அண்ணா, நான் தாராபுரத்துல ஏழு வருசம் சங்கிலி புடிச்சு நிலம் அளந்தவன். அப்பிடி ஒரு ஷெட்டு என் கண்ணுல படவே இல்லையே?"

நாச்சிமுத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இதா, நிக்கறானே அருளானந்தம்! அவன்தான் அதுக்கு ஷட்டர் போட்டவன். கேளுங்க!" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அருளானந்தம் காருக்குள் எட்டிப் பார்த்தார். உள்கண்ணாடியில் நாச்சிமுத்துவின் முகம் தெரிந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் கெஞ்சியது. உள்ளதைச் சொன்னால் மனுஷன் மானம் போகும். ஆமாம் என்றால் திருமூர்த்தி இனி இவரை நம்ப மாட்டார். தலையைச் சொறிந்துகொண்டே ஆரம்பித்தார்.

"போட்டது நான்தானுங்க சார். அண்ணன் கூச்சப்பட்டுக் கொறைச்சுச் சொல்றாரு. உள்ள இருந்து ஷட்டரை எறக்கிட்டு, சாவி குடுக்கலாம்னு வெளிய போற வழியைத் தேடுனேன். பதினோரு வருசமாத் தேடறேன். இதுக்கு நடுவுல கல்யாணம் ஆச்சு, ரெண்டு புள்ளை ஆச்சு, பட்டறையும் போட்டுட்டேன். வாசல் மட்டும் தட்டுப்படல. நீங்க அளந்தீங்களே தாராபுரம், அது அந்த ஷெட்டோட கெழக்கு மூலை. இந்த உடுமலை மேக்கு மூலை. வெளிய நின்னு பாத்தாத்தானுங்க சார் ஷெட்டு கண்ணுக்குத் தெரியும்?"

அருளானந்தம் கார்ப் பக்கம் திரும்பினார்.

"அதனால அண்ணா, நீங்க வண்டியை ரோட்டுல நிறுத்துனாலும் அது உங்க ஷெட்டுக்குள்ளதான் நிக்கும். தைரியமா ரிவர்ஸ் எடுங்க."

அவர் முடிப்பதற்குள் இன்ஜின் உறுமியது. வண்டி தெருவுக்கு வந்தது. நாச்சிமுத்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" என்றார். பழி, பிளான் என்று ஒரு வார்த்தை பேசாமல் இட்லி தின்ன உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு திருமூர்த்தி அருளானந்தத்தின் தோளைத் தொட்டார்.

"எனக்குப் பதினாலடி அகலம் போடப்பா. ரேக்கு பின்சுவத்துல மட்டும் இருந்தாப் போதும்."

"சரிங்க சார். வேற ஏதாவது?"

"ஊரெல்லாம் உள்ள வேண்டாம். ஓட்டிட்டுப் போறவன் எறங்கி வந்தாச் சரி."